கண்ணாடிக்குப் பின்பக்கம்

அக்டோபர் 10, திங்கள்

சென்னையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. என் கண்ணாடி ஓவியங்களில் நாற்பதைத் தேர்ந்தெடுத்து ஜனவரியில் கண்காட்சி வைக்கிறார்களாம். கலைக்கென்றே நடக்கும் ஓர் அறக்கட்டளை, சொந்த அரங்கம் உள்ளவர்கள். 'டாக்டர் பிரமநாயகம் சேகரிப்பு' என்று தலைப்பே போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மூன்று முறை படித்தேன். நான்காவது முறை வடிவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"பல் டாக்டர்னு போடலையா?" என்றாள் என் மனைவி.

போடவேண்டிய அவசியம் என்ன? நாற்பத்தைந்து வருடம் பாளையங்கோட்டையில் பல் பிடுங்கினேன் என்பது ஊருக்கே தெரியும். நான் போன பிறகு நிற்கப்போவது அந்தப் பற்கள் அல்ல, இந்த நூற்றுப் பன்னிரண்டு படங்கள். தனி ஆள் ஒருவர் வீட்டில் இத்தனை கண்ணாடி ஓவியம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். நாட்குறிப்பில்கூடப் பெருமைப்படக் கூடாது என்றால் வேறு எங்கே போய்ப் பட?

படங்களைப் பற்றி ஒரு புத்தகமும் அச்சிடுகிறார்கள். வெண்ணெய்க் கண்ணன் படத்துக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். 'நீங்கள் வருகிறவர்களிடம் சொல்லும் அந்த வேடிக்கைக் கதையையும் எழுதி அனுப்புங்கள்' என்று கேட்டிருக்கிறார்கள். என் கதை சென்னை வரை போயிருக்கிறது பாருங்கள். இன்றே எழுதி அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 16, ஞாயிறு

முன்னுரையும் வேண்டுமாம். இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கண்ணாடி ஓவியம் என்றால் கண்ணாடி போட்ட ஓவியம் அல்ல. இதை ஆயிரம் பேருக்காவது விளக்கியிருப்பேன். பாதிப் பேர் என் நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தவர்கள். அவர்களால் மறுத்துப் பேச முடியாது என்பது ஒரு சௌகரியம். ஓவியன் கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைகிறான், நாம் முன்பக்கத்திலிருந்து பார்க்கிறோம். அதனால் வேலை முழுக்கத் தலைகீழ் வரிசை. முதலில் கண்ணின் கருமணி, நகம், நகையின் புள்ளி. அப்புறம்தான் முகம். கடைசியில் பின்னணித் திரை. துணியிலோ பலகையிலோ வண்ணம் கொஞ்சம் உள்ளே இறங்கும். கண்ணாடியில் அது மேலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

முதல் படம் 1979இல் கிடைத்தது, கல்லிடைக்குறிச்சியில், ஓர் அரசமரத்தடியில். விரிசல் விட்ட சுவாமி படத்தை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், குப்பையில் போடவும் மனம் வராது. மரத்தடிப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுவார்கள். பிறகு மழையும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தாமிரபரணிக் கரையில் ஒரு மரம் விடாமல் பார்த்துவருவேன். அப்படி எடுத்தது ஒன்பது. மற்றவை இடிக்கிற வீடுகளில், பழைய சாமான் கடைகளில். பல்செட் கட்டிக்கொண்ட ஓர் ஆச்சி, 'நான் சாப்பிடுதது உம்மாலதான், இத நீரே வச்சுக்கும்' என்று மகிஷாசுரமர்த்தினியைக் கொடுத்தாள்.

கண்ணன் தஞ்சாவூரில் கிடைத்தான். 1984, கல்யாணமான வருடம். பாத்திரக் கடையில் அண்டாக்களுக்குப் பின்னால் இருந்ததை நான் கண்டுபிடித்தேன். வடிவுதான் முதலில் பார்த்தாள் என்றும் வீட்டில் ஒரு கட்சி உண்டு. திருநெல்வேலி வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தோம். என் மடியில் பெட்டி இருந்ததால் படம் அவள் மடியில் இருந்தது.

இனி பராமரிப்பு. தினம் காலை ஆறரைக்கு என் சுற்று தொடங்கும். மழைச்சாரல் அடிக்கிற மேற்குச் சுவரில் ஒரு படமும் கிடையாது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு, காற்று போக. தூசி தட்ட அணில்முடித் தூரிகை. பின்பக்கத்தில் ஈரம் படவே கூடாது. சட்டத்து இடுக்கில் பூச்சி முட்டை இருந்தால் பல் குத்திப் பார்க்கும் கொக்கிக் கருவியால் எடுத்துவிடுவேன். அதற்கு இருபது நிமிடம் நடுங்காத கை வேண்டும். எனக்கு இருக்கிறது, எழுபத்தொரு வயதிலும்.

படங்களை நான் ஒருவன்தான் தொடுவேன். வடிவு தொடுவதில்லை. அது இந்த வீட்டின் ஏற்பாடு.

அக்டோபர் 24, தீபாவளி

மாலையில் ரோட்டரி நண்பர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். பத்துப் பேர். எல்லாப் படத்தையும் காட்டிவிட்டுக் கடைசியில் கண்ணனிடம் கூட்டிப்போனேன். கண்ணன் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான், மடியில் பானை, சுற்றிலும் சிவப்புத் திரை. இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. அந்த இடத்தில் வெறும் கண்ணாடி, பின்னால் நான் வைத்த கறுப்புத் துணி.

"கை எங்க டாக்டர்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கிறவரை நான் காத்திருப்பேன். இன்று ஒரு வக்கீல் கேட்டார்.

"அந்தக் கையிலதான் வெண்ணெய் இருந்துச்சு. 85 பொங்கலுக்கு வீடு வெள்ளையடிச்சாங்க. நான் கிளினிக்ல இருந்து வந்து பாக்கேன், என் வீட்டுக்காரி கண்ணனக் குப்புறப் போட்டு ஈரத்துணியால குளிப்பாட்டிக்கிட்டு இருக்கா. ஊரு வெண்ணெயெல்லாம் திருடினவன் கண்ணன். அவன்கிட்டயே வெண்ணெயத் திருடினது இவ ஒருத்திதான்!"

சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆனது. வக்கீலுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வடிவு காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தாள். இந்தக் கட்டம் வரும்போது அவளுக்கு எப்போதும் அடுக்களையில் ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

நவம்பர் 2, புதன்

மழை. ஈரப்பதம் அளக்கும் கருவியில் எண்பத்து நான்கு சதவீதம். ஜன்னல்களைச் சாத்தி, அறை உலர விளக்குகளைப் போட்டுவைத்தேன்.

நவம்பர் 9, புதன்

அறக்கட்டளையிலிருந்து ஜெசிந்தா வந்திருக்கிறாள். ஓவியங்களைப் பழுது பார்ப்பதையே படிப்பாகப் படித்தவள். சொந்த ஊர் தூத்துக்குடி, முப்பது வயதிருக்கும். போகிற படங்களைச் சோதித்துப் பெட்டியில் கட்டும்வரை ஒரு வாரம் இங்கே வேலை.

காலை முழுக்க என் பின்னால் நடந்தாள். தக்கைத் துண்டுகளைப் பார்த்து, "இது யாரு சொல்லிக்கொடுத்தாங்க சார்?" என்றாள். யாரும் இல்லை, நானே யோசித்தது என்றேன். "மியூசியத்துலயே பல இடத்துல இத செய்யறதில்ல" என்றாள். இந்த வாக்கியத்தை அப்படியே எழுதிவைத்துக்கொள்கிறேன்.

மதியம் வேணுகோபாலன் படத்தின் சட்டத்தைக் கழற்றினாள். பின்பலகைக்கு உள்ளே, வண்ணத்தின் மேலேயே, பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது.

"இத ஒட்டினது யாரு சார்?"

"நான்தான். ஆரம்ப காலத்துல தூசி போகாம இருக்க ஒட்டினேன். மைதாப் பசை, பூச்சி வராம மயில்துத்தம் போட்டு நானே காய்ச்சினது. நாப்பது வருஷம் ஆச்சு, அசையல பாத்தியா!"

அவள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தாள்.

நவம்பர் 10, வியாழன்

காகிதத்தின் ஒரு மூலையை இன்று திறந்து பார்த்தாள். கத்திமுனையில் விரலகலம்தான் தூக்கினாள். காகிதத்தோடு திரையின் சிவப்பும் வந்துவிட்டது. கண்ணாடியில் அந்த இடம் சுத்தமாக இருந்தது, கழுவிவைத்த மாதிரி.

"மழைக்காலத்துல பேப்பர் ஈரத்தக் குடிச்சு உப்பும் சார். வெயில் வந்தா சுருங்கும். ஒவ்வொரு தடவையும் பெயிண்ட்ட இழுக்கும். ரெண்டு மூணு மாசத்துலயே பெயிண்ட் கண்ணாடிய விட்டுரும், பேப்பரத்தான் பிடிச்சிருக்கும். வெளியில இருந்து பார்த்தா தெரியாது. பேப்பர் வர்ற அன்னிக்குப் படமும் வந்துரும்."

என் பசை நல்ல பசை என்றேன். "அதான் சார் பிரச்சினை" என்றாள்.

நவம்பர் 11, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. மழை.

நவம்பர் 12, சனி

ஜெசிந்தா கணக்கெடுத்துவிட்டாள். பசை ஒட்டியவை பதினொன்று. பத்தில் காகிதம் இன்னும் இருக்கிறது. அவற்றை அசைக்காமல் அப்படியே காப்பாற்றலாமாம், வழி இருக்கிறதாம். மீதி நூற்றொன்றும் கச்சிதமாக இருக்கின்றன, இப்படிப் பார்த்துக்கொண்ட வீட்டை அவள் பார்த்ததில்லையாம். இதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது.

பிறகு நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "பதினொண்ணும் 84 வரைக்கும் வாங்கினது. 85ல இருந்து ஒண்ணுலகூடப் பேப்பர் இல்லையே. ஏன் சார் நிறுத்திட்டீங்க?"

கிளினிக்கில் கூட்டம் சேர்ந்துவிட்டது, பசை காய்ச்ச நேரமில்லை என்றேன். உண்மைதான். 1985இல் நல்ல கூட்டம்.

நவம்பர் 14, திங்கள்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பதினோராவது படம் கண்ணன். மேசையில் குப்புற வைத்து ஜெசிந்தா கறுப்புத் துணியை எடுத்தாள். சட்டத்தின் ஓரத்தில் காகிதம் கிழிந்த தடம் இன்னும் ஒட்டியிருந்தது. "கை எப்படி சார் போச்சு?" என்றாள். நான் கதையைச் சொன்னேன். வழக்கமாகச் சிரிக்கும் இடத்தில் அவள் சிரிக்கவில்லை. வாசலில் சுண்டல் தட்டோடு நின்றிருந்த வடிவைப் பார்த்து, "அம்மா, இந்தக் கறுப்புத் துணி போடுறதுக்கு முன்னாடி இங்க பேப்பர் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

என் முப்பத்தேழு வருடக் கதையில் அவளிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. நானும் சேர்த்துத்தான்.

"இருந்துச்சு" என்றாள் வடிவு. "உப்பிப் போயிப் பாதி தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சு. நல்லா ஒட்டிவைப்போம்னு தொட்டேன். கையோட வந்துட்டு."

"ஈரத்துணி?"

"காஞ்ச துணிதான். சட்டத்தத் தொடச்சேன். ஈரம்னு சொன்னது இவுகதான்."

நான் பார்த்தேனே என்றேன். கையில் துணி இருந்ததைக் கண்ணால் பார்த்தேனே.

"துணியத்தான் பாத்திய. அந்தக் கையில என்ன இருந்துச்சுன்னு பாக்கல." குரலை உயர்த்தாமல் சொன்னாள். "பேப்பரோட வந்துச்சுன்னு அன்னிக்கே சொன்னேன். நீங்க மூணு நாள் கிளினிக்லயே போய்ப் படுத்துக்கிட்டிய. நாலாம் நாள் வந்து, இனிமே படத்தத் தொடாதன்னிய. சரின்னுட்டேன்."

சுண்டலை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். பட்டுப்புடவைப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் கல்யாணப் பத்திரிகை உறை இருந்தது. அதிலிருந்து கால் பக்கச் செய்தித்தாள் ஒன்றை எடுத்து ஜெசிந்தாவிடம் கொடுத்தாள்.

அதில் கண்ணனின் இடது கை இருந்தது. ஐந்து விரல், ஐந்து நகம், கங்கணம், உள்ளங்கையில் வெண்ணெய் உருண்டை. ஒரு பூச்சுகூட உதிரவில்லை. எலுமிச்சை அளவு வெண்ணெய் என்று நான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன், ஆனால் அது நல்ல நார்த்தங்காய் அளவு இருந்தது.

ஜெசிந்தா அதைக் கண்ணாடிக்குப் பின்னால் கொண்டுபோய், மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் பொருத்தினாள். பிறகு நிமிர்த்தி முன்பக்கத்தைக் காட்டினாள்.

கண்ணன் வெண்ணெயை நீட்டிக்கொண்டிருந்தான்.

என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமும் இவ்வளவு வெட்கமும் ஒரே நேரத்தில் வந்ததில்லை. ஏன் இத்தனை நாள் வைத்திருந்தாய் என்று கேட்டேன்.

"தூரப் போட மனசு வரல. மடியில வச்சுக் கொண்டாந்த புள்ள."

நவம்பர் 18, வெள்ளி

கண்ணனும் சென்னைக்குப் போகிறான், காகிதக் கையோடு. கண்காட்சியில் அதுதான் தலையாய படமாம். கொம்பையா ஆசாரி பெட்டிகளைச் செய்து கொண்டுவந்தார். ஒவ்வொன்றுக்கும் உள்ளே பஞ்சு மெத்தை. ஆணி அடிக்கவில்லை, அதிர்ச்சி ஆகாது என்று எல்லாம் திருகாணி. வேலை சுத்தம்.

கிளம்பும்போது ஜெசிந்தா கேட்டாள்: "புத்தகத்துக்கு அந்தக் கதை கொடுத்திருக்கீங்களே சார். முப்பதாம் தேதி வரைக்கும் மாத்தலாம்."

யோசிக்கிறேன் என்றேன். வடிவு கேட்கவில்லை. அவள் எதையும் கேட்பதில்லை.

நவம்பர் 27, ஞாயிறு

கண்ணன் குறிப்பு, ஐந்து முறை எழுதியாகிவிட்டது.

முதல் வரைவு: 'ஈரப்பதத்தால் கைப்பகுதி உரிந்தது.' இரண்டாவது: 'அக்காலத்தில் வழக்கிலிருந்த ஒட்டுமுறையால் சேதமுற்றது.' வழக்கிலா இருந்தது? நான் ஒருவன்தான் ஒட்டினேன். ஐந்தாவது: 'காலப்போக்கில் பிரிந்த கைப்பகுதி, குடும்பத்தினரால் பத்திரப்படுத்தப்பட்டது.' இது நன்றாக இருக்கிறது. காலத்தின்மேல் பழியைப் போட்டால் அது வந்து கேட்கப்போவதில்லை.

வடிவிடம் காட்டினேன். எழுத்துப்பிழை பார்ப்பது எப்போதும் அவள்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"பிழை ஒண்ணும் இல்ல" என்று கொடுத்துவிட்டாள்.

அதையே அனுப்பிவிட்டேன். பழைய வேடிக்கைக் கதை போய்விட்டது, அதுவரைக்கும் நல்லது. ஒரு டாக்டர் தன் பெயரில் நடக்கிற கண்காட்சியிலேயே தன் கைத்தவறை அச்சடித்துக்கொடுக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

டிசம்பர் 6, செவ்வாய்

கார்த்திகை. எழுபத்திரண்டு படம் இருக்கிற வீடு காலியாகத் தெரிகிறது. கண்ணன் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருந்தது. காலைச் சுற்றின்போது அணில்முடித் தூரிகையை வடிவிடம் நீட்டினேன். "தெக்குச் சுவரு நீ பாரேன்."

வாங்கிக்கொள்ளவில்லை. "விளக்குக்குத் திரி போடணும்" என்றாள்.

ஜனவரி 28, சனி, சென்னை

இப்போது மாலை ஏழு. அரங்கத்தின் அலுவலக அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே இன்னும் கூட்டம்.

நாற்பது படங்களையும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில், தனித்தனி விளக்கின் கீழே இன்றுதான் பார்த்தேன். கல்லிடைக்குறிச்சி மரத்தடியில் காகம் எச்சமிட்டுக் கிடந்த முருகன், விளக்கு வெளிச்சத்தில் ராஜா மாதிரி நின்றான். கூடப் படித்த பல் டாக்டர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். நான் ஸ்கூட்டரில் மரம் மரமாகத் திரிந்ததைக் கேலி செய்தவர்கள்தான். இன்று ஒவ்வொருவராக வந்து கையைக் குலுக்கினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போயிற்று. மறைப்பானேன்? இந்த நாளுக்குத்தான் உயிரோடு இருந்தேன்.

ஐந்து மணிக்கு என்னைக் கண்ணனுக்குப் பக்கத்தில் நிறுத்தி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அறுபது எழுபது பேர் இருப்பார்கள். வடிவு கடைசியில், கதவுப் பக்கம் நின்றாள். நல்ல மஞ்சள் பட்டு. மரத்தடி, பாத்திரக் கடை, தக்கைத் துண்டு எல்லாம் சொன்னேன். கைதட்டினார்கள். அத்தோடு முடித்திருக்கலாம்.

முன்வரிசையில் கல்லூரிப் பெண் ஒருத்தி புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு கேட்டாள்: "சார், காலப்போக்குல பிரிஞ்சதுன்னு போட்டிருக்கு. ஆனா கை மட்டும்தானே பிரிஞ்சிருக்கு? மத்ததெல்லாம் பிரியலையே?"

நல்ல கேள்வி. ஈரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது கடைசியில் வடிவு தோள்பையை மாட்டிக்கொண்டு வெளியே போகத் திரும்பியதைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும், இந்தக் கட்டம் வந்துவிட்டது என்று. இந்த அரங்கத்தில் அவள் எடுத்துப்போகத் தம்ளர் எதுவும் இல்லை, ஆனாலும் போகத் திரும்பினாள். முப்பத்தேழு வருடமாக அவள் அடுக்களைக்கு ஏன் போனாள் என்று எனக்கு அந்த நிமிடம் உறைத்தது. நான் முட்டாள் இல்லை. முன்பே உறைத்திருக்க வேண்டும்.

"காலப்போக்குல பிரியல" என்றேன். "நான் ஒட்டின பசையால பிரிஞ்சது. என் மனைவி ஈரத்துணியால தொடச்சுட்டாங்கன்னு இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சிருக்கேன். உங்கள்ல சிலரே கேட்டிருப்பீங்க. அது பொய். இந்தக் கையக் காப்பாத்தி வச்சிருந்தது அவங்க. கடையில இந்தப் படத்த முதல்ல பார்த்ததும் அவங்கதான்."

வடிவு நின்றுவிட்டாள். திரும்பவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. இந்த நாட்குறிப்பில்கூட நான் எழுதாதது. 1985 பொங்கல் முடிந்த மறுவாரம், அவள் கோயிலுக்குப் போன நேரத்தில், வேணுகோபாலனின் பின்பலகையைக் கழற்றிக் காகிதத்தின் ஓரத்தை நானே நகத்தால் தூக்கிப் பார்த்தேன். துளி நீலம் அதோடு வந்தது. அழுத்தி மூடிவிட்டேன். அன்றைக்குப் பிறகு நான் பசை காய்ச்சவில்லை.

"எனக்கு..." என்று தொடங்கினேன். குரல் முன்வரிசைக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் வந்தது. "எனக்கு அப்பவே தெரியும்."

வடிவு மெதுவாகத் திரும்பினாள். பையைத் தோளிலிருந்து இறக்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றாள். "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

சொன்னேன்.